இரண்டு அவுன்சு மண்ணும் நனோத் துணிக்கையும்: பயிரூட்டல் வரலாற்றில் அளவு பற்றிய ஒரு நோக்கு

பயிர் எதனை உண்டு வளர்கின்றது என்னும் வினாவுக்கு விஞ்ஞானம் விடை கண்ட வரலாறு பாடநூல்களிலே விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அது எவ்வளவு உண்கின்றது என்னும் வினாவின் வரலாறோ பெரும்பாலும் கூறப்படுவதில்லை. நனோப் பொருள்களைக் கொண்டு பயிர் வளர்ச்சியையும் ஒளித்தொகுப்பையும் பெருக்கலாம் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் ஆய்வுகூடத்தினின்றும் வயலுக்கு வந்துள்ளது. 2021ஆம் ஆண்டில் அது இலங்கையின் அரசியலிலும் கமக்காரரின் வாழ்விலும் நேரே குறுக்கிட்டது. அந்நிகழ்ச்சியை விளங்கிக்கொள்வதற்கு, எது என்பதினும் எவ்வளவு என்பதே சிறந்த வழிகாட்டி எனக் கருதி, அவ்வினாவின் வழிநின்று இவ்வரலாற்றை ஈண்டு நோக்குகிறோம்.

1648இல், ஆசிரியர் இறந்து நான்காண்டுகளின் பின்னர் வெளிவந்த நூலொன்றிலே, வான் ஹெல்மொன்ற் என்னும் அறிஞர் செய்த சோதனையொன்று பதிவாகியுள்ளது. அவர் 200 இறாத்தல் உலர்ந்த மண்ணை ஒரு கலத்திலிட்டு, அதிலே 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மாத்திரமே வார்த்து வந்தார். முடிவில் மரத்தின் நிறை 169 இறாத்தலும் 3 அவுன்சும் ஆயிற்று. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது ஏறத்தாழ 2 அவுன்சே குறைந்திருந்தது. ஆகவே மரம் முழுவதும் நீரினின்றே உண்டாயிற்று என அவர் முடிவு செய்தார்.

இம்முடிவு பிழையென்பதை இன்று பாடசாலை மாணவரும் அறிவர். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை அவர் எண்ணவில்லை என்பதே வழமையாகக் கூறப்படும் காரணம். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. குறைந்த அந்த 2 அவுன்சை அவர் புறக்கணித்தார். மண்ணினின்றும் மரம் பெற்ற கனியுப்புக்கள் அந்தச் சிறு குறைவினுள்ளேதான் அடங்கியிருந்தன. நூற்றறுபது இறாத்தலுக்கு மேற்பட்ட வளர்ச்சிக்கு இரண்டு அவுன்சு எம்மாத்திரம் என அவர் எண்ணியிருத்தல் கூடும். சிறியதைச் சிறியது என்பதனாலேயே தள்ளிவிடுவது பயிரூட்டல் வரலாற்றின் முதற்றவறு எனலாம். சிறியது என்பதனாலேயே அதற்கு அளவிறந்த ஆற்றலை ஏற்றிக் கூறுவது இதற்கு மறுதலையான தவறு. அது பின்னே வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒளித்தொகுப்பின் இயல்பு படிப்படியாகத் தெளிவாயிற்று. மெழுகுதிரி எரிந்து கெட்ட காற்றைத் தாவரம் திருத்துகின்றது என 1771இல் பிறீஸ்லி கண்டார். அது சூரியவொளியில், பச்சை நிறமான உறுப்புக்களிலே மாத்திரம் நிகழ்கின்றது என 1779இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். 1804இல் சோசூர் நிறைகளை நுணுகி அளந்து, நீரும் காபனீரொட்சைட்டும் சேர்ந்தே தாவரப் பொருள் ஆகின்றது என்றும், மண்ணிலிருந்து பெறப்படும் உப்புக்கள் அளவிற் குறைந்தனவாயினும் இன்றியமையாதன என்றும் நிறுவினார். ஹெல்மொன்ற் தள்ளிய இரண்டு அவுன்சு இவ்வாறு கணக்கினுட் கொண்டுவரப்பட்டது.

அக்கணக்கில் நைதரசனுக்கு உரிய இடம் யாது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் விவாதமாயிற்று. ஜேர்மானிய இரசாயனவியலாளரான லீபிக் 1840இல் வெளியிட்ட நூல் விவசாயத்தை இரசாயனத்தின் ஆட்சிக்குள் கொணர்ந்தது. தேவையான சத்துக்களுள் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலை வரையறுக்கும் என்னும் விதி அவர் பெயராலேயே வழங்குகின்றது; சிபிறெங்கல் என்பார் அதனை முன்னரே கூறியிருந்தார் என்பது நீதி கருதி இங்கே சொல்லப்படவேண்டும். லீபிக்கின் கருத்துப்படி, பயிருக்கு வேண்டிய நைதரசனை வளிமண்டலத்திலுள்ள அமோனியாவே மழையோடு கொணர்ந்து தந்துவிடும். உழவன் இடவேண்டியது சாம்பலிற் காணப்படும் கனியுப்புக்கள் மாத்திரமே. இக்கொள்கையை ஆதாரமாகக் கொண்டு 1845இல் இங்கிலாந்திலே காப்புரிமைப் பசளையொன்றும் விற்பனைக்கு வந்தது. மழைநீர் கரைத்துச் சென்றுவிடாதிருத்தற்பொருட்டு, அதிலுள்ள பொற்றாசு முதலிய உப்புக்கள் எளிதிற் கரையாதவாறு உருக்கிச் சேர்க்கப்பட்டிருந்தன. மெல்ல விடுவிக்கும் பசளை என்று இன்று நாம் கூறுவதன் ஒரு முன்னோடி அது. உழவர் வாங்கியிட்டனர்; பயன் காணவில்லை. சத்துக்கள் கரையாதவாறு கட்டுண்டு கிடந்தமை ஒரு காரணம். நைதரசன் அதில் மிகக் குறைவாயிருந்தமை மற்றைய காரணம்.

இலண்டனுக்கு வடக்கே றொதம்ஸ்ரெட் என்னும் இடத்திலே லோஸ் என்பவரும் கில்பேட் என்பவரும் 1843இல் வயற்சோதனைகளைத் தொடங்கினர். புரோட்போக் என்னும் வயலைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, ஒன்றுக்கு எருவும், ஒன்றுக்குக் கனியுப்பும், ஒன்றுக்கு அமோனிய உப்பும் இட்டு, ஒன்றை வெறுமனே விட்டு, ஆண்டுதோறும் கோதுமை விதைத்தனர். கனியுப்பு மாத்திரம் பெற்ற கீற்று வெறுங்கீற்றிலும் அதிகம் மேம்படவில்லை. நைதரசன் கூடிய அளவிற் பெற்ற கீற்றுக்களிலே விளைச்சல் எழுந்தது. லீபிக் இதனை எளிதில் ஒப்பவில்லை. விவாதம் பல்லாண்டு நீடித்துக் கடுஞ்சொற்களும் பரிமாறப்பட்டன. கில்பேட் லீபிக்கிடமே கல்வி பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பது இவ்விவாதத்துக்கு ஒரு தனிச்சுவை தருகின்றது. எனினும் இங்கு வென்றது மாணாக்கரின் நாவன்மையன்று. ஆண்டு தவறாது அறுத்து நிறுத்த கோதுமையின் நிறையே வென்றது. அவ்வயலிற் சோதனை இன்றும் தொடர்கின்றது.

இவ்விடத்து நம் மரபிலிருந்தும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. புழுதி நன்றாக உணங்க உழுதால் பிடியெருவும் வேண்டாது என உழவதிகாரத்தில் ஒரு குறளிற் கூறிய வள்ளுவர், அடுத்த குறளிலே உழுதலினும் எருவிடுதல் நன்று என்கிறார். இவை முரணானவை அல்ல. உலர்ந்த மண் மீண்டும் நனையும்போது அதன் சேதனப் பொருள் விரைந்து சிதைந்து நைதரசன் விடுபடுகின்றது என்பதை இருபதாம் நூற்றாண்டு மண்ணியலார் அளந்து காட்டியுள்ளனர். ஆனால் அவ்வாறு விடுபடுவது மண்ணிலே முன்னரே இருந்த சேமிப்பாகும். எடுத்ததை மீள இடாதவிடத்துச் சேமிப்புக் குறையும். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பூவரசங் குழையையும் பனையோலையையும் தோட்டத்திலே தாழ்த்தியதும், தரையிலே மாட்டுப்பட்டி அடைத்ததும் இக்கணக்கை அனுபவத்தால் அறிந்தமையாலேயே ஆம்.

வளிமண்டலத்திலே ஐந்தில் நான்கு பங்கு நைதரசனாயிருந்தும், அதன் அணுக்கள் வன்மையான முப்பிணைப்பால் இணைந்திருப்பதனாற் பயிர் அதனை நேரே பயன்படுத்த இயலாது. 1909இல் ஹேபர் ஆய்வுகூடத்திலே அப்பிணைப்பைப் பிரித்து அமோனியா ஆக்கினார். 1913இல் பொஷ்ஷின் முயற்சியால் ஒப்பாவில் தொழிற்சாலை எழுந்தது. இன்றைய உலக மக்களிற் சரிபாதியளவினர் இம்முறையால் ஆக்கப்பட்ட நைதரசனைக் கொண்டே உணவு பெறுகின்றனர் என மதிப்பிடப்படுகின்றது. இம்முறையிற் பயன்படும் இரும்பு ஊக்கி கவனிக்கத்தக்கது. சிறிதளவு ஊக்கி பல்லாயிரம் தொன் அமோனியாவை ஆக்க உதவும். ஏனெனில் அது செலவழிவதில்லை. ஆக்கப்படும் அமோனியாவின் நைதரசனோ முழுவதும் காற்றிலிருந்தே வரவேண்டும். ஊக்கி வேறு, மூலப்பொருள் வேறு. இவ்வேறுபாட்டினைப் பின்னரும் நினைவிற்கொள்வோம்.

அதே காலத்திலே, மிகச் சிறிய அளவில் வேண்டப்படும் சத்துக்களும் ஒன்றன்பின் ஒன்றாக அறியப்பட்டன. மங்கனீசு, போரன், நாகம், செம்பு ஆகியவற்றைத் தொடர்ந்து, 1939இல் மொலித்தனம் இன்றியமையாதது என ஆர்ணனும் ஸ்ரவுட்டும் காட்டினர். அவுஸ்திரேலியாவின் சில புல்வெளிகளிலே ஏக்கருக்குச் சில அவுன்சு மொலித்தனச் சேர்வை இட்டவளவில் அவரையினப் புற்கள் தழைத்தமை அக்காலத்து வியப்பாயிற்று. 1940களில் அமெரிக்க ஆப்பிள் தோட்டங்களில் யூரியாக் கரைசலை இலைமீது தெளிக்கும் வழக்கமும் தோன்றியது. இலை வழியாகவும் பயிரை ஊட்டலாம், சிறிதளவும் பெரும்பயன் தரலாம் என்னும் இரு கருத்துக்களும் இவ்வாறு விஞ்ஞான மதிப்புப் பெற்றன. இரண்டும் உண்மையே. ஆனால் மொலித்தனத்துக்குப் பொருந்துவது நைதரசனுக்கும் பொருந்தும் என எவரும் அன்று கூறவில்லை. மொலித்தனம் நொதியத்தின் உள்ளே அமர்ந்து மீண்டும் மீண்டும் தொழிற்படுவது; நைதரசன் தானியத்தோடு அறுவடையாகி வயலை விட்டுச் செல்வது.

இலங்கையின் நெற்செய்கை இவ்வரலாற்றில் இணைந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். 1958இல் வெளியிடப்பட்ட எச்-4 என்னும் நெல்லினமும், அதன்பின் பத்தலகொடையிலிருந்து வந்த பி.ஜி. இனங்களும் பசளைக்கு நன்கு விளைவு காட்டும் இனங்கள். 1962இற் பசளை மானியம் தொடங்கப்பட்டது. யூரியாவை உள்நாட்டிலேயே ஆக்கும் நோக்குடன் 1980களின் தொடக்கத்திற் சப்புகஸ்கந்தையில் இயங்கத் தொடங்கிய தொழிற்சாலை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. நாடு இறக்குமதியையே நம்பியிருந்தது. 2005ஆம் ஆண்டின் பின்னர் 50 கிலோ மூடையொன்று 350 ரூபாவுக்கு நெற்செய்கையாளருக்கு வழங்கப்பட்டது. மலிவாகக் கிடைப்பது மிகையாக இடப்படும் என்பது எவரும் எதிர்பார்க்கத்தக்கதே.

மிகையின் தீங்கை யாழ்ப்பாணக் குடாநாட்டைப்போலத் தெளிவாகக் காட்டும் இடம் இலங்கையிற் பிறிதில்லை எனலாம். சுண்ணக்கல்லின்மேற் படிந்த செம்மண்ணிலே, கிணற்று நீரிறைத்து, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செறிவாகச் செய்யப்படுகின்றன. இட்ட யூரியா நைத்திரேற்றாக மாறி, இறைத்த நீருடன் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடாக நிலத்தடி நீரையே சேர்கின்றது. மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. 1980கள் முதலாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் பல, லீற்றருக்கு 50 மில்லிகிறாம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் கடந்த கிணறுகள் இங்குள்ளமையைக் காட்டின. தோட்டத்துக்கு இட்டதைத் தோட்டக்காரனின் பிள்ளை குடிக்கும் நிலை இது. ஆகவே, இட்ட நைதரசனை ஓடவிடாது பயிரிடமே சேர்ப்பிக்கும் வழி ஒன்றைத் தேடுவது நமக்கு வெறும் ஆய்வார்வம் அன்று.

எவ்வளவு வீணாகின்றது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும். நெல்வயலில் இடப்படும் யூரியாவின் நைதரசனிற் பயிர் கைக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதமே. எஞ்சியது அமோனியாவாக ஆவியாகியும், நைத்திரேற்றாகக் கழுவுண்டும், வாயுவாகக் காற்றிற் கலந்தும் போகின்றது. ஒரு தொன் நெல் விளைவதற்குப் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோகிறாம் நைதரசனை உள்ளெடுக்கின்றது. இழப்பு முழுவதையும் ஒருவர் தடுத்துவிட்டாலும் இடவேண்டிய அளவை மூன்றிலொரு பங்குவரையே குறைக்கலாம். அதற்குக் கீழே கொண்டுசெல்ல எந்த நுட்பத்தாலும் இயலாது. இது விஞ்ஞானிகள் விதித்த எல்லை அன்று, தானியமே விதித்த எல்லை.

நனோ தொழில்நுட்பம் என்னும் சொல்லை 1974இல் ஜப்பானியரான தனிகுச்சி முதன்முதல் ஆண்டார். மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். 1 முதல் 100 நனோமீற்றர் வரையுள்ள துணிக்கைகள் இதன் ஆட்சிக்குட்பட்டவை. இவற்றின் சிறப்பை எளிய கணக்கொன்றாற் காட்டலாம். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனவடிவக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனையே 10 நனோமீற்றர் பக்கமுள்ள கட்டிகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகின்றது. பத்து இலட்சம் மடங்கு பெருக்கம். மேற்பரப்பில் நிகழும் வினைகள் யாவும் இதனால் விரைவுறும். ஆனால் கட்டியின் நிறை சிறிதும் மாறவில்லை. இவ்விரண்டு உண்மைகளுள் முதலாவதையே நனோப் பசளை பற்றிய பிரசாரங்கள் பெரிதும் எடுத்துரைத்தன.

ஒளித்தொகுப்புத் துறையில் முதற்கண் கவனத்தை ஈர்த்தது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. 2005இற் சீன ஆய்வாளர் குழுவொன்று, இதன் நனோத் துணிக்கைகள் கலந்த நீரிற் பசளிக்கீரை இனமான ஸ்பினாச்சின் பழைய விதைகளை ஊறவைத்து வளர்த்தபோது, உலர்நிறை 73 சதவீதமும் பச்சையம் ஏ 45 சதவீதமும் கூடின என்றும் ஒளித்தொகுப்பு வீதம் மும்மடங்காயிற்று என்றும் அறிவித்தது. இவை ஆய்வுகூடத்தில் முப்பது நாள்வரை வளர்ந்த நாற்றுக்களின் எண்கள். முதுமையுற்ற விதையை உயிர்ப்பிப்பதும், வயலில் விளைந்த பயிரின் விளைச்சலைப் பெருக்குவதும் ஒன்றல்ல என்பதை நாம் மறத்தலாகாது. 2009இல் அமெரிக்க ஆய்வாளர் தக்காளி விதைகளைக் காபன் நனோக்குழாய்கள் உள்ள ஊடகத்தில் இட்டு, அவை விரைந்து முளைத்தமையையும் நீரைக் கூடுதலாக உறிஞ்சியமையையும் கண்டனர்.

இவற்றினும் ஆழமானது 2014இல் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜிரால்டோ, ஸ்ரானோ முதலியோர் செய்த ஆய்வு. அவர்கள் ஒற்றைச்சுவர்க் காபன் நனோக்குழாய்களைப் பச்சையவுருமணியின் மென்சவ்வினூடே உட்செலுத்தினர். பிரித்தெடுத்த பச்சையவுருமணிகளிலே ஒளித்தொகுப்புச் செயற்பாடு மும்மடங்காயிற்று. உயிருள்ள இலையில் இலத்திரன் கடத்தும் வீதம் 30 சதவீதம் உயர்ந்தது. பச்சையம் பயன்படுத்தாத அண்மைச் செந்நிறக்கீழ் ஒளியையும் நனோக்குழாய் பற்றிக்கொள்ளக்கூடும் என்பது அவர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று. 2017இல், சீரியம் ஒட்சைட்டின் நனோத் துணிக்கைகள், கடும் வெப்பமும் மிகையொளியும் பச்சையவுருமணியில் உண்டாக்கும் தீங்கான ஒட்சிசன் வகைகளை அழித்து இலையைக் காக்கின்றன என ஜிரால்டோவின் குழுவினர் காட்டினர்.

இவ்வாய்வுகள் மதிக்கத்தக்கவை. இங்கே துணிக்கை, ஹேபரின் இரும்பைப்போல, செலவழியாது தொழிற்படும் ஊக்கியின் இடத்தை வகிக்கின்றது. ஆகையாற் சிறிதளவு பெரும்பயன் தரும் என்னும் கூற்று இவ்விடத்துப் பொருந்தும். எனினும் இலத்திரன் கடத்தல் கூடுவது வெல்லம் கூடுவதாகாது. வெல்லம் கூடுவது நெல்மணி கூடுவதுமாகாது. காபனீரொட்சைட்டைப் பற்றும் றுபிஸ்கோ என்னும் நொதியமே நெல்லின் இலையிலுள்ள நைதரசனில் ஏறத்தாழக் காற்பங்கைத் தன்னகத்தே கொண்டுள்ளது. பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு நைதரசன் அணுக்கள் உள்ளன. ஆகவே ஒளித்தொகுப்பைப் பெருக்க முயல்பவர் நைதரசனின் தேவையைக் குறைப்பதில்லை, கூட்டுகின்றனர்.

இலங்கையின் பங்களிப்பு இவற்றினின்றும் வேறான வழியிற் சென்றது. 2008இல் அரசும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தில், நில்வலா கொட்டேகொட, வெரஞ்ச கருணாரத்ன முதலியோர் யூரியாவை ஐதரொட்சி அப்பதைற்று என்னும் பொருளின் நனோத் துணிக்கைகளோடு பிணைத்தனர். நம் எலும்பின் கனிப்பொருட் பகுதி இவ்வினத்தைச் சேர்ந்ததே. பயிருக்குக் கல்சியமும் பொசுபரசும் தருவது. 2011இல் வெளியான அவர்களின் கட்டுரையில், இச்சேர்வை சீமைக்கிளுவையின் மென்மரத் துளைகளினுள் அழுத்தி நிரப்பப்பட்டமை கூறப்பட்டுள்ளது. கிளிசறியா என நம்மவர் வழங்கும் இம்மரம் வேலிகளிலெல்லாம் நிற்பது. அதன் குழை பசளையாவதை அறிந்தவர்க்கு அதன் தடியும் பசளை தாங்குவது புதுமையாகத் தோன்றும். வழமையான பசளை முற்பகுதியில் மிகுதியாக விட்டு முப்பதாம் நாளளவில் ஓய, இது அறுபதாம் நாளிலும் நைதரசனை விட்டுக்கொண்டிருந்தது. 2017இல் வெளியிட்ட செம்மையான வடிவில், ஆறு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு ஐதரொட்சி அப்பதைற்றுச் சேர்க்கப்பட்டது. நைதரசன் விடுபடும் வேகம் பன்னிரண்டு மடங்குவரை குறைந்தது. நெல்வயற் சோதனையில் யூரியாவை அரைவாசியாக்கியும் விளைச்சல் குறையவில்லை என்றும், மேம்பட்டது என்றும் அறிவிக்கப்பட்டது.

இதன் கணக்கை உற்றுநோக்குவோம். இப்பசளையில் நைதரசன் ஏறத்தாழ 40 சதவீதம். தூய யூரியாவில் 46. பயிரின் உணவை இவர்கள் குறைக்கவில்லை. அது வீணாகாது நின்று ஊட்டும் காலத்தையே நீட்டினர். அரைவாசி என்னும் அவர்களின் கூற்று மூன்றிலொன்று என்னும் மேற்கூறிய எல்லைக்குள் அமைகின்றது. லீபிக்கின் காப்புரிமைப் பசளை தேடியும் எய்தாத இலக்கு இது எனலாம். மிகப் பல வயல்களிலும் பருவங்களிலும் சோதிக்கப்படவேண்டியதாயினும், இது கணக்கோடு முரணாத விஞ்ஞானம்.

மற்றொரு நனோப் பசளை இந்தியாவிலிருந்து வந்தது. இந்திய உழவர் உரக் கூட்டுறவு நிறுவனமாகிய இஃப்கோ 2021 மே 31இல் நனோ யூரியாத் திரவத்தை அறிமுகஞ் செய்தது. 500 மில்லிலீற்றர்ப் போத்தலொன்று 45 கிலோ யூரியா மூடையொன்றுக்கு ஈடாகும் என்பது அதன் கூற்று. திரவத்திலிருந்த நைதரசன் 4 சதவீதம். அதாவது போத்தலில் 20 கிறாம். மூடையிலோ ஏறத்தாழ 20 கிலோகிறாம். ஆயிரத்தில் ஒரு பங்கு மற்றைய பங்குகள் அனைத்துக்கும் ஈடு என்பதே இதன் பொருள். நனோத் துணிக்கை இலைவாயினூடு எளிதிற் புகும் என விளக்கம் தரப்பட்டது. புகட்டும், அனைத்தும் புகுந்தாலும் 20 கிறாம் 20 கிறாமே. மேலும் யூரியா நீரில் முற்றாகக் கரையும் பொருள். அதன் தனிமூலக்கூறு எந்த நனோத் துணிக்கையினும் சிறியது. இலை அதனை உறிஞ்சும் என்பது 1940களிலேயே அறியப்பட்டது.

அந்த மே மாதத்திலேயே, 6ஆந் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி மூலம், இலங்கை அரசு இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதியைத் தடை செய்தது. சேதன விவசாயத்துக்குப் பத்தாண்டுகளில் மாறுதல் என 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருந்தது ஓரிரவில் நிகழ்ந்தது. வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய் காரணமாகக் காட்டப்பட்டது. அந்நியச் செலாவணி வற்றியிருந்தமையும் காரணமாயிருந்தது. பெரும்போகம் நெருங்கவே, இஃப்கோவின் திரவத்தை அரசு ஒக்டோபரில் விமானமூலம் தருவித்தது. நவம்பர் 4ஆந் திகதி இந்திய வான்படையின் விமானங்கள் 100 தொன் கொணர்ந்தன. இந்தியாவில் நனோ யூரியா எனப்பட்டது இங்கே நனோ நைதரசன் எனப்பட்டது. யூரியா தடைப்பட்டிருந்த நாட்டில் யூரியா என்னும் சொல் இவ்வாறு விலகியமை கவனிக்கத்தக்கது.

வான்படை கொணர்ந்த 100 தொன் திரவத்தில் இருந்த நைதரசன் ஏறத்தாழ 4 தொன். ஹெக்டேயருக்கு 100 கிலோகிறாம் என்னும் வழமையான கணக்கில் அது 40 ஹெக்டேயருக்குப் போதுமானது. பெரும்போகத்தில் இலங்கையில் விதைக்கப்படும் நெல்வயலோ ஏழு இலட்சம் ஹெக்டேயருக்கும் மேற்பட்டது. எனினும் நிகழ்ந்த அழிவை இத்திரவத்தின் தலைமேற் சுமத்துவது நீதியாகாது. அது பிந்தி வந்தது, வந்ததும் சிறிதே. பசளை இல்லாமையே அழிவின் காரணம். ஆனால், பசளை இல்லாமையை இது ஈடுசெய்யும் என்னும் நம்பிக்கை முடிவெடுக்கும் இடங்களிலே குடிகொண்டிருந்தமைக்கு ஆயிரத்திலொன்று என்னும் கணக்கை எவரும் உரத்துக் கேளாமையே காரணம் எனத் துணிந்து கூறுகிறோம். பேராதனையிலும் பிற பல்கலைக்கழகங்களிலும் விவசாய விஞ்ஞானிகள் பலர் தடையை எதிர்த்து எச்சரித்தனர். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை.

நவம்பர் இறுதியில் தடை நீக்கப்பட்டது. பயிரோ காத்திருக்கவில்லை. 2020/21 பெரும்போகத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தொன்னாயிருந்த நெல் விளைச்சல் 2021/22இல் ஏறத்தாழ 19 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. கிளிநொச்சியிலும் அம்பாறையிலும் அநுராதபுரத்திலும் மஞ்சளித்த வயல்களைக் கண்ட கமக்காரருக்கு லீபிக்கின் விதியை விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. 2022 யூலையில் இந்தியக் கடனுதவியின்கீழ் 44,000 தொன்னுக்கு மேற்பட்ட யூரியா கொழும்பை அடைந்தது. அது மூடைகளில் வந்த வழமையான யூரியா.

இந்தியாவிலும் வினாக்கள் எழுந்தன. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங், ஹூஸ்ரெட் ஆகிய இருவர் 2023இல் எழுதிய கட்டுரை, இஃப்கோவின் கூற்றுக்களுக்கு விஞ்ஞான ஆதாரமில்லை என வெளிப்படையாக மறுத்தது. லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் வயலில் நடத்திய சோதனையில், யூரியாவின் ஒரு பகுதிக்குப் பதிலாக நனோ யூரியா தெளிக்கப்பட்ட இடத்து நெல் விளைச்சல் 13 சதவீதமும் கோதுமை 21.6 சதவீதமும் வரை குறைந்தன. தானியத்தின் நைதரசனும் குறைந்தது. நிறுவனம் தன் கூற்றை விட்டுக்கொடுக்கவில்லை; ஆயிரக்கணக்கான உழவர் வயல்களிற் சராசரியாக 8 சதவீதம் விளைச்சல் கூடியதாகவே அது கூறிவந்தது. புரோட்போக் வயலில் நிறுத்துத் தீர்க்கப்பட்ட வழக்கு, வேறு பெயரோடு மீண்டும் வயலுக்கே வந்துள்ளது.

2024இல் நனோ யூரியா பிளஸ் என்னும் புதிய வடிவம் இந்திய அரசின் அனுமதி பெற்றது. அதில் நைதரசன் 4 சதவீதத்திலிருந்து, கனவளவு வழியில், 20 சதவீதமாக உயர்த்தப்பட்டுள்ளது. போத்தலொன்றில் இப்போது 100 கிறாம். மூடையின் இருநூற்றிலொரு பங்கு.